காணாமல் போனவரா, ஆக்கப்பட்டவரா? பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிப்பது பற்றி

2017 பெப்ரவரி 20ஆம் திகதி, கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்த வருடம் பல தடவைகள் அந்தக் கொட்டகைக்குப் போயிருக்கிறேன். செய்தி எழுதப் போனது பாதி, வெளிநாட்டுச் செய்தியாளர்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கப் போனது மீதி. சுயாதீன ஊடகவியலாளர் ஒருவருக்குக் கைக்காசு வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலையில்தான்.

ஒரு நாள் ஓர் அம்மா தன்னுடைய மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "வட்டுவாகலில வைச்சு நான் என்ர கையால பிடிச்சு ஆமியிட்டக் குடுத்தனான், தம்பி. விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டவை." நான் அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது, அவருடைய மகன் போரின் கடைசி நாட்களில் 'மிஸ்ஸிங்' என்றேன். செய்தியாளர் குறித்துக்கொண்டார். பக்கத்தில் பள்ளிக்கூடச் சீருடையோடு இருந்த பேத்தி மெல்லிய குரலில் சொன்னாள்: "அண்ணா, அம்மம்மா அப்பிடிச் சொல்லேல்லை. மிஸ்ஸிங் எண்டால் துலைஞ்சு போறது. மாமா துலையேல்லை."

உடனே திருத்திச் சொன்னேன். ஆனால் அன்று வீடு திரும்பும்வரை அந்த ஒரு சொல் மனதை அரித்துக்கொண்டிருந்தது. நான் ஊடகக் கற்கைகள் படித்தவன். சமாளிக்குமளவுக்கு ஆங்கிலம் பேசுவேன். ஒரு தாய் சொன்ன வசனத்தின் எழுவாயை எப்படித் தொலைத்தேன்?

உயர்தரப் பெறுபேறுகள் வரும் ஒவ்வொரு தடவையும் தெரிந்த பெற்றோர் சிலர் தொலைபேசியில் கேட்பார்கள்: "பிள்ளை கம்பசில இங்கிலிஷ் செய்யட்டோ? வேலை கிடைக்குமோ?" அந்தக் கேள்விக்கு ஓரளவு முழுமையாகப் பதில் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். என்னுடைய பதில் அந்தக் கொட்டகையில்தான் தொடங்குகிறது.

'ஸ்போக்கன் இங்கிலிஷ்' அல்ல

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். எங்கள் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலம் இரண்டு விதமாக இருக்கிறது. ஒன்று, எல்லாப் பீட மாணவர்களுக்கும் மொழித் தேர்ச்சிக்காகக் கற்பிக்கப்படும் ஆங்கிலம். மற்றையது, பட்டத்துக்குரிய ஒரு பாடமாக ஆங்கிலத்தைப் படிப்பது. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

அதில் பொதுவாக மூன்று பகுதிகள் உண்டு. மொழி, இலக்கியம், அவை இரண்டும் பிறந்த சமூகமும் பண்பாடும். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் அளவு மாறும். சில இடங்களில் மொழியியல் தூக்கலாக இருக்கும், சில இடங்களில் இலக்கியம். சரளமாகப் பேசுவது இந்தப் படிப்பின் பக்கவிளைவு மட்டுமே.

மொழி: யார் செய்தது என்று கேட்கும் இலக்கணம்

மொழிப் பகுதியில் ஒலியியல், சொல்லியல், வாக்கியவியல், பொருண்மையியல், ஆங்கிலத்தின் வரலாறு, சமூகமொழியியல் என்று பலவும் வரும். கேட்க வறட்சியாக இருக்கும். ஆனால் எங்களுக்கு இதைவிட நெருக்கமான பாடம் இருக்காது.

"பொதுமக்கள் கொல்லப்பட்டனர்" என்ற வசனத்தில் கொன்றவர் இல்லை. "பொதுமக்கள் உயிரிழந்தனர்" என்று எழுதினால் கொலையே இல்லை. செயப்பாட்டு வினை எதை மறைக்கிறது, ஒரு வினைச்சொல் யாரைக் காப்பாற்றுகிறது என்பதை வசனம் வசனமாகப் பிரித்துப் பார்க்க இந்தப் பாடம் பழக்குகிறது.

'காணாமல் போனோர்', 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்ற இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு எங்கள் தாய்மாருக்கு நன்றாகத் தெரியும். ஆங்கிலத்திலும் அந்த வேறுபாடு இருக்கிறது. 'மிஸ்ஸிங்' என்பது ஒரு நிலை. 'டிஸ்அப்பியர்ட்' என்பதை, ஒருவர் இன்னொருவருக்குச் செய்த செயலாக ஆளும் வழக்கம், ஆர்ஜென்டீனா போன்ற லத்தீன் அமெரிக்க நாடுகளில் பிள்ளைகளைத் தேடிய தாய்மாரின் போராட்டங்களோடு ஆங்கிலத்தில் பரவியது. தானாக மறைவதைக் குறித்த ஒரு வினைச்சொல்லுக்கு அந்தத் தாய்மார் ஒரு குற்றவாளியைத் தேடிக்கொடுத்தார்கள் என்று சொல்லலாம்.

இலங்கையில் 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அலுவலகத்தின் பெயரில் இருப்பது 'காணாமற்போன ஆட்கள்'. அந்தச் சட்டத்தின் வரைவிலக்கணத்துக்குள் வலிந்து காணாமலாக்கப்பட்டவர்களும் அடங்குகிறார்கள், ஆனால் பெயருக்குள் இல்லை. 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரிலேயே வலிந்து காணாமலாக்கப்படல் வருகிறது. இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும் ஒருவர், பெயர் வைத்தலும் அரசியல்தான் என்பதைக் கண்டுகொள்வார்.

இதே கண்ணால் பார்த்தால் இன்னும் பல தெரியும். பாதுகாப்பு அமைச்சு 2011இல் வெளியிட்ட அறிக்கை இறுதிப் போரை 'மனிதாபிமான நடவடிக்கை' என்றது. முட்கம்பிக்குள் இருந்த மெனிக் பாம் முகாம்கள் 'நலன்புரிக் கிராமங்கள்' ஆகின. குண்டு விழுந்த இடத்துக்குப் பெயர் 'பாதுகாப்பு வலயம்'.

எங்கள் பக்கத்துச் சொற்களையும் இந்தப் பாடம் விட்டுவைக்காது, விட்டுவைக்கவும் கூடாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அதைத் தமிழில் 'இடம்பெயர்வு' என்று எழுதும் ஒவ்வொரு தடவையும், நான் அந்தக் கொட்டகையில் செய்த அதே பிழையை நாங்கள் செய்கிறோம். அவர்கள் தாங்களாகப் போகவில்லை.

இலக்கியம்: மெதுவாக வாசித்தல்

1929இல் வெளியான ஒரு புத்தகத்தில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் விரிவுரையாளர், தான் வகுப்பில் செய்த ஒரு சோதனையைப் பற்றி எழுதினார். கவிஞரின் பெயரும் காலமும் இல்லாமல் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, வாசித்ததை எழுதச் சொன்னார். கெட்டிக்கார மாணவர்கள்கூட, முன்னால் இருந்த சொற்களை விட்டுவிட்டுத் தங்கள் மனதிலிருந்ததை எழுதிக் கொடுத்தார்கள். நுண்வாசிப்பு என்ற பயிற்சி ஆங்கிலத் துறைகளில் வேரூன்ற அது ஒரு முக்கிய காரணம். இலங்கையிலும் ஆங்கிலம் படிக்கும் மாணவர் முதலில் பழகுவது இதைத்தான். ஒரு சிறு பந்தியை எடுத்து, இந்தச் சொல் ஏன் இங்கே, பேசுவது யார், சொல்லாமல் விட்டது என்ன என்று கேட்பது.

பாடத்திட்டத்தில் ஷேக்ஸ்பியர் இருப்பார், ஆங்கிலக் கவிதையும் நாவலும் இருக்கும். அவற்றோடு, முன்னாள் குடியேற்ற நாடுகளின் எழுத்தும் இன்று பெரிய பகுதி. 1958இல் வெளியான சினுவா அச்சிபேயின் நாவல், வெள்ளைக்காரர் வருவதற்கு முந்திய இக்போ கிராமம் ஒன்றை உள்ளிருந்து காட்டியது. 1968இல் நைரோபி பல்கலைக்கழகத்தில் கூகி வா தியாங்கோவும் இன்னும் இருவரும், ஆங்கிலத் துறையையே ஒழித்துவிட்டு ஆபிரிக்க இலக்கியத்தை மையத்தில் வைக்கும் துறை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த வாதத்தையும் ஆங்கிலத் துறைகள் இன்று பாடமாக வைத்திருக்கின்றன.

எங்களைப் பற்றிய எழுத்தும் வகுப்பறைக்கு வரத்தக்க அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஷியாம் செல்வதுரையின் 'ஃபனி போய்' 1994இல் வந்தது. அ. சிவானந்தனின் 'வென் மெமரி டைஸ்' 1997இல் வந்தது. யாழ்ப்பாணத் தமிழரைத் திருமணம் செய்த பறங்கியப் பெண்ணான ஜீன் அரசநாயகம் 1983 வன்செயலைக் கவிதையாக்கினார். அனுக் அருட்பிரகாசத்தின் 'எ பாசேஜ் நோர்த்' 2021இல் புக்கர் பரிசின் குறும்பட்டியலில் இடம்பெற்றது. எண்பதுகளின் யாழ்ப்பாணத்து மருத்துவ மாணவி ஒருத்தி கதை சொல்லும் வி. வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைற்' 2024இல் பிரித்தானியாவின் பெண்களுக்கான புனைகதைப் பரிசை வென்றது.

இந்த நூல்களில் சிலவற்றைப் படித்தபோது எனக்கு இரண்டு உணர்வு. எங்கள் ஒழுங்கைகளை உலகம் வாசிக்கிறது என்ற சந்தோசம் ஒன்று. அதே ஒழுங்கைகளில் இருப்பவர்களில் எத்தனை பேரால் இவற்றை வாசித்து, 'இது சரி, இது பிழை' என்று சொல்ல முடியும் என்ற கேள்வி மற்றையது. எங்களைப் பற்றிய கதையில் எங்களுக்குத் திருத்தம் சொல்லும் உரிமை இருக்கிறது. அதற்கு வாசிக்கத் தெரிய வேண்டும்.

வட்டுக்கோட்டையிலிருந்து திருநெல்வேலி வரை

ஆங்கில இலக்கியம் ஒரு பாடமானதே குடியேற்ற ஆட்சியின் தேவையால்தான் என்று கௌரி விஸ்வநாதன் 1989இல் எழுதிய நூல் விரிவாகக் காட்டுகிறது. ஒக்ஸ்போர்டில் ஆங்கிலத்துக்கான சிறப்புப் பட்டப்படிப்பு 1894இல்தான் தொடங்கியது. அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இந்தியப் பிள்ளைகள் ஷேக்ஸ்பியரைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

யாழ்ப்பாணத்தின் கதையும் பழையது. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினார்கள். ஆங்கிலம் வழியாக உயர்கல்வி, கூடவே தமிழும். 1855இல் அதை மூடினார்கள். பிள்ளைகள் ஆங்கிலத்தைப் படித்துக்கொண்டு, வேதத்தை விட்டுவிட்டு, அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்பது மூடியதற்கான காரணங்களில் ஒன்று. அந்தச் செமினரியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் ஆனார்கள். தாமோதரம்பிள்ளை பின்னர் ஏட்டுச் சுவடிகளைத் தேடி எடுத்துக் கலித்தொகையை அச்சேற்றினார். ஆங்கிலம் படித்தால் தமிழ் போய்விடும் என்று சொல்பவர்களுக்கு நான் காட்டும் முதல் ஆள் அவர்.

கொழும்பில் 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரியும் 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் வந்தன. அங்கே ஆங்கிலப் பேராசிரியராக இருந்த முதல் இலங்கையர் ஈ. எஃப். சி. லுடோவைக். நாடகத்தையும் நுண்வாசிப்பையும் ஒரு தலைமுறைக்கே பழக்கியவர். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அறுபதுகளில் கலைப்பீடங்கள் சிங்களத்துக்கும் தமிழுக்கும் மாறின. ஆங்கிலம் பொது மொழி என்ற இடத்திலிருந்து இறங்கி, ஒரு சிறு துறையாகச் சுருங்கியது.

1974இல் திருநெல்வேலியில், பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. அங்கே ஆங்கிலம் கற்பித்தவர்களில் ஒருவர் சுரேஷ் கனகராஜா. அவர் போர்க்காலத்து யாழ்ப்பாண வகுப்பறையைப் பற்றி 1999இல் வெளியிட்ட நூல், உலகமெங்கும் ஆங்கிலம் கற்பிப்போர் படிக்கும் நூலாகிவிட்டது. அமெரிக்கப் பாடப்புத்தகத்தின் ஓரங்களில் மாணவர்கள் கிறுக்கியவற்றை அவர் ஆராய்ந்தார். படங்கள், சினிமாப் பாட்டு வரிகள், போராட்டக் கோஷங்கள். பாடத்துக்கு வெளியே இருந்த யாழ்ப்பாணம் ஓரத்தால் உள்ளே வந்திருந்தது. 2002இல் வந்த அவருடைய இன்னொரு நூல், கடதாசித் தட்டுப்பாடும் மின்சாரமில்லாமையும் தபால் தாமதமும் இருந்த ஊரிலிருந்து மேற்கத்தைய ஆய்விதழ்களுக்கு எழுதுவது எப்படியிருந்தது என்று சொல்கிறது. எங்கள் தட்டுப்பாடு உலக அறிவுத்துறையில் ஒரு கேள்வியானது இப்படித்தான்.

யாழ்ப்பாணத்தில் கற்பித்து, பின்னர் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து 2014இல் மறைந்த செல்வா கனகநாயகம், ஈழத்துத் தமிழ்க் கவிதைகளையும் கதைகளையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். தமிழைவிட்டு ஆங்கிலத்துக்குப் போனவர் என்று அவரைச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் இடையில் பாதை வெட்டியவர்.

கடுவ

சிங்களத்தில் ஆங்கிலத்துக்கு 'கடுவ' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. வாள் என்று பொருள். பேராதனையில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த திரு கந்தையா 1984இல் எழுதிய கட்டுரை அந்தச் சொல்லை வைத்தே ஆங்கிலத்தின் அதிகாரத்தைப் பேசியது. ஆங்கிலம் தெரிந்தவர் கையில் இருக்கும் வாள், தெரியாதவரை வெட்டுகிறது.

தமிழில் இதற்கு ஒரு தனிச்சொல் இல்லாவிட்டாலும் வெட்டு எங்களுக்கும் விழுந்திருக்கிறது. கச்சேரியில், வங்கியில், அரசுசாரா நிறுவனத்தின் நேர்முகத் தேர்வில், ஆங்கிலம் வராததால் வாய்மூடி நின்றவர்கள் எங்களில் எத்தனை பேர்! போர் முடிந்த பின் எங்களைப் பற்றி எழுதப்பட்ட முக்கிய ஆவணங்கள் ஆங்கிலத்தில் வந்தன. கற்றுக்கொண்ட பாடங்களுக்கான நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கை 2011 டிசெம்பரில் ஆங்கிலத்தில் வெளியானது. ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் அலுவலகத்தின் விசாரணை அறிக்கை 2015 செப்டெம்பரில் வந்தது. சாட்சி சொன்னவர்களில் பெரும்பாலானவர்கள் தங்கள் சாட்சியம் என்னவாக எழுதப்பட்டது என்பதை இன்னொருவர் சொல்லித்தான் அறிந்தார்கள்.

இந்த வாளை யார் பிடிப்பது என்பதுதான் ஆங்கிலத் துறைக்குள் யார் போகிறார்கள் என்ற கேள்வியின் உண்மையான பொருள்.

உள்ளே போகும் வழிகள்

உயர்தரத்தில் 'பொது ஆங்கிலம்' எல்லோரும் எழுதும் பாடம். அது இசட் புள்ளிக்குச் சேராது. 'ஆங்கிலம்' என்ற முதன்மைப் பாடம் வேறு. அதில் கவிதை, நாடகம், புனைகதை எல்லாம் உண்டு. பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தைப் பாடமாக எடுக்க இந்த முதன்மைப் பாடச் சித்தியையோ, துறை நடத்தும் தெரிவுப் பரீட்சையையோ பெரும்பாலும் கேட்பார்கள். நிபந்தனைகள் மாறக்கூடியவை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்தந்த வருடக் கைநூலைப் பாருங்கள். கைநூலில் சில கற்கைநெறிகளுக்குத் தனியாக உளச்சார்புப் பரீட்சை உண்டு. அதற்கான விளம்பரத்தைத் தவறவிட்டால் புள்ளி இருந்தும் பயனில்லை.

சிக்கல் இங்கேதான். அந்த முதன்மைப் பாடத்தைக் கற்பிக்க ஆசிரியர் இருக்கும் பாடசாலைகள் பெரும்பாலும் நகரங்களில் இருக்கின்றன. வன்னிக் கிராமத்துப் பிள்ளைக்கு விருப்பம் இருந்தும் பாடம் இல்லை. பல்கலைக்கழகக் கதவு மூடப்படுவது பல்கலைக்கழகத்தில் அல்ல, பன்னிரண்டாம் தர வகுப்பறையில்.

வேறு கதவுகளும் உண்டு. இலங்கை உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகம் ஆங்கிலத்தில் உயர் தேசிய டிப்ளோமா நடத்துகிறது. திறந்த பல்கலைக்கழகத்தில், ஆங்கிலமும் ஆங்கிலம் கற்பித்தலும் சேர்ந்த பட்டப்படிப்பு இருக்கிறது. வேலை செய்துகொண்டே படிக்கலாம். தேசிய கல்வியியற் கல்லூரிகள் ஆங்கில ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கின்றன. யாழ்ப்பாணம் உட்படச் சில பல்கலைக்கழகங்களில் மொழிபெயர்ப்புக் கற்கைகள் தனிப் பட்டமாக இருக்கின்றன. தமிழும் ஆங்கிலமும் இரண்டும் பிடித்த பிள்ளைக்கு இது நல்ல இடம்.

முதல் வருடம் கடினம் என்பதைப் பிள்ளைக்கு முன்பே சொல்லுங்கள். தமிழில் படித்து வந்தவருக்கு, ஒரு நாவலை வாரக்கணக்கில் அகராதியோடு வாசிக்க வேண்டியிருக்கும். வகுப்பில் நகரப் பிள்ளைகள் சட்டென்று பேசுவார்கள். வாய் திறக்கப் பயம் வரும். நான் பேசிப் பார்த்த மாணவர்கள் பலர் சொன்னது, பேச்சு பிந்தி வந்தாலும் வாசிப்பு முந்தி வந்துவிடும் என்பதுதான். கவிதையைத் தமிழில் ஆழ்ந்து வாசித்துப் பழகியவர்கள் ஆங்கிலக் கவிதையில் தடுமாறுவது குறைவாம். வீட்டில் தமிழ்ப் புத்தகம் வாங்கிக் கொடுப்பதும் ஆங்கிலப் படிப்புக்கான முதலீடுதான்.

படித்த பிறகு

வேலை பற்றிய கேள்விக்கு நேரான பதில்: ஆங்கில ஆசிரியருக்கு எங்கள் மாகாணங்களில் தேவை தொடர்ந்து இருக்கிறது. பல்கலைக்கழகங்களில் ஆங்கிலப் போதனாசிரியர், மொழிபெயர்ப்பாளர், நீதிமன்ற உரைபெயர்ப்பாளர், ஊடகம், வெளியீட்டுத்துறை, நிர்வாகம், மனித உரிமை நிறுவனங்கள் என்று மற்ற வழிகளும் உண்டு. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழை அரசகரும மொழியுமாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. காகிதத்தில் உள்ள அந்த ஏற்பாடு நடைமுறைக்கு வருவதற்கு மும்மொழியும் எழுதத் தெரிந்தவர்கள் வேண்டும்.

வெளிநாட்டுக்குப் போவதற்கான ஏணியாக மட்டும் இதை நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விசாவுக்குத் தேவையான பரீட்சைக்கு மூன்று, நான்கு வருடப் பட்டம் தேவையில்லை. அதற்குத் தனியார் வகுப்புகள் போதும். இந்தப் பட்டம் வேறொன்றுக்கு.

மறுபடியும் அந்தக் கொட்டகை

என்னைத் திருத்திய அந்தப் பிள்ளை அப்போது சாதாரண தரம் படித்துக்கொண்டிருந்தாள். உயர்தரத்தில் ஆங்கிலம் எடுக்க ஆசைப்பட்டாள். பாடசாலையில் அந்தப் பாடம் இருக்கவில்லை. தமிழும் புவியியலும் இந்து நாகரிகமும் எடுத்தாள். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. பின்னர் டிப்ளோமா வழியாக ஆங்கிலம் படித்து, இப்போது ஒரு கிராமப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு மாலையில் வகுப்பு எடுக்கிறாள்.

இந்தக் கட்டுரைக்காக அவளோடு பேசினேன். அம்மம்மா இப்போது இல்லை. மகனைப் பற்றி எந்தப் பதிலும் கிடைக்காமலே போய்விட்டார். அவர் இருக்கும்போது ஜெனீவாவுக்கு அனுப்பிய கடைசிக் கடிதத்தைத் தானே ஆங்கிலத்தில் எழுதியதாகச் சொன்னாள். "முதல் வசனத்துக்கு ரெண்டு நாள் எடுத்தனான், அண்ணா" என்றாள். என்ன எழுதினாய் என்று கேட்டேன். 'நான் என் மகனை இராணுவத்திடம் கையளித்தேன். அவர்கள் அவனைத் திருப்பித் தரவில்லை.' இரண்டு வசனங்களிலும் எழுவாய் இருக்கிறது.

அவளுடைய வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் மூவர் அடுத்த வருடம் உயர்தரத்தில் ஆங்கிலம் எடுக்க விரும்புகிறார்களாம். அந்தப் பாடசாலையில் இன்னமும் அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை. பெற்றோர் கையொப்பம் இட்டு வலயக் கல்விப் பணிமனைக்கு ஒரு கோரிக்கை கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கோரிக்கையை எழுதியதும் அவள்தான். இந்தத் தடவை தமிழில்.